வெளிநிதியும் சொந்தப் பங்கும்
உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் வளர்ச்சி குறித்து ஒரு பாடம்

உழவர்கள் ஒன்றுகூடி நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களை நமது ஊராட்சி ஒன்றியங்களில் யாவரும் அறிவர். விதையும் உரமும் மொத்தமாக வாங்குதல், விளைபொருளைத் திரட்டித் தரம் பிரித்து விற்றல் முதலிய பணிகளை இவை செய்கின்றன. தொழிலில் வரும் இலாபம் பயிர் விளைவித்தவருக்கே சேரவேண்டும் என்பது இவற்றின் கொள்கை. இவை வளர்வதற்கு நிதியுதவி பல வழிகளில் வருகிறது. எந்தப் பணம் எந்தக் காரியத்துக்கு உரியது என்பதை நிர்வாகிகள் மட்டுமன்றிப் பங்குதாரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

உதவும் அமைப்புகள்

தேசியக் கூட்டுறவு அபிவிருத்திக் கழகம் 1963-இலும், நபார்டு வங்கி 1982-இலும், சிறு விவசாயிகள் வேளாண் வணிகக் கூட்டமைப்பு 1994-இலும் தோன்றின. உற்பத்தியாளர்களே பங்குதாரர்களாக உள்ள கம்பெனிகளுக்கு 2002-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத் திருத்தம் இடமளித்தது. 2020-இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தை 6,865 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிற்று. மேற்கூறிய மூன்று அமைப்புகளுமே முதற்கண் அதனைச் செயற்படுத்தும் பொறுப்பை ஏற்றன.

மூவகை உதவி

அத்திட்டத்தில் உதவி மூன்று வகைப்படும்.

முதலாவது, நிர்வாகச் செலவுக்கான உதவி. ஒரு நிறுவனத்துக்கு மூன்றாண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் இதன் உச்சவரம்பு. முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரையிலும், கணக்கருக்கு 10,000 ரூபாய் வரையிலும் சம்பளம் இதிலிருந்து அளிக்கப்படும்.

இரண்டாவது, இணைப் பங்கு மானியம். உறுப்பினர் செலுத்தும் பங்குத்தொகைக்கு ஈடான தொகையை அரசு அளிக்கும். ஓர் உறுப்பினருக்கு 2,000 ரூபாயும், ஒரு நிறுவனத்துக்கு 15 இலட்சம் ரூபாயும் இதன் உச்சவரம்பு. 300 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் செலுத்தினால் மூன்று இலட்சம் கிடைக்கும். 750 பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் செலுத்தினால் முழுத்தொகையான 15 இலட்சமும் கிடைக்கும். நாம் எவ்வளவு இடுகிறோமோ அவ்வளவே வரும் என்பது இதன் விதி.

மூன்றாவது, கடன் உத்தரவாதம். அடமானம் வைக்கச் சொத்தில்லாத நிறுவனத்துக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை நீக்கவே இவ்வேற்பாடு. இரண்டு கோடி ரூபாய் வரையிலான திட்டக் கடன்களுக்கு இது பொருந்தும். ஒரு கோடி வரை நூற்றுக்கு 85 பங்கும், அதற்கு மேல் நூற்றுக்கு 75 பங்கும் உத்தரவாதம் உண்டு. ஆனால் இந்த உத்தரவாதம் வங்கிக்கு அளிக்கப்படுவது; கடனைத் திருப்பிச் செலுத்தும் கடமை நிறுவனத்தைச் சார்ந்ததே என்பதை மறத்தலாகாது.

நான்காம் ஆண்டின் கணக்கு

நிர்வாக உதவி மூன்றாண்டோடு நின்றுவிடும். சம்பளச் செலவு நிற்காது. மேலே கூறிய இரண்டு சம்பளங்களும் சேர்ந்து மாதம் 35,000 ரூபாய். ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். வியாபாரத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், இச்சம்பளத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 2 கோடியே 10 இலட்சம் ரூபாய் விற்றுமுதல் வேண்டும். உறுப்பினர் 300 பேராயின் ஒவ்வொருவர் பேரிலும் 70,000 ரூபாய் வியாபாரம் நடைபெற வேண்டும். 750 பேராயின் 28,000 ரூபாய் போதும். வாடகை, மின்கட்டணம், தணிக்கைச் செலவு ஆகியவை இதில் சேரவில்லை.

உறுப்பினர்கள் பெயரளவில் சேர்ந்துவிட்டு, விளைபொருளை வழக்கம்போல் தரகரிடமே கொண்டுசென்றால் இந்தக் கணக்கு நேராகாது. மானியம் தீர்ந்த மாதத்தில் அலுவலகக் கதவும் சாத்தப்படும். ஏழை உழவர் இட்ட பங்குப் பணமும் முடங்கிப்போகும். ஆகையால் முதலாண்டிலிருந்தே நான்காம் ஆண்டுக்குத் திட்டமிடுதல் வேண்டும்.

கேடா காட்டிய வழி

அன்று பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த கேடா மாவட்டத்தில், 1946-இல் திருபுவன்தாஸ் படேலின் தலைமையில் பால் உற்பத்தியாளர்கள் ஒன்றியம் கண்டனர். இன்று அமுல் என்று நாம் அறிவது அதுவே. தம் பாலைத் தாமே திரட்டி விற்றுக் காட்டிய பின்னரே அவர்களுக்குப் பெரும் உதவிகள் வந்தன. 1955-இல் திறக்கப்பட்ட பால் பண்ணைக்கு யூனிசெப் இயந்திரங்கள் தந்து உதவியது.

ஆனந்த் நகரில் 1965-இல் நிறுவப்பட்ட தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியம், 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. ஐரோப்பிய நாடுகள் உலக உணவுத் திட்டத்தின் வாயிலாகப் பாற்பொடியும் வெண்ணெய்க் கொழுப்பும் நன்கொடையாக அளித்தன. அவற்றை இலவசமாகப் பங்கிட்டிருந்தால் உள்ளூர்ப் பாலின் விலை வீழ்ந்திருக்கும். வாரியமோ அவற்றைப் பாலாக்கி நகரங்களில் விற்று, அப்பணத்தைக் கொண்டு கூட்டுறவுப் பால் பண்ணைகளை வளர்த்தது. உண்டு தீர்ந்திருக்கக்கூடிய நன்கொடை, இவ்வாறு நிலைத்த மூலதனமாயிற்று.

பொதுக்குழுவில் கேட்கத்தக்க வினாக்கள்

1. நமது பங்குத்தொகை எவ்வளவு? அதற்கு ஈடான மானியம் முழுவதும் பெறப்பட்டதா?
2. சென்ற ஆண்டில் உறுப்பினருள் எத்தனை பேர் நிறுவனத்தின் வழியாக வாங்கினர், விற்றனர்?
3. நிர்வாக உதவி எந்த மாதத்தில் முடிகிறது? அதன்பின் சம்பளம் எதிலிருந்து கொடுக்கப்படும்?
4. வாங்கப்போகும் கடன் எந்த வருவாயிலிருந்து திருப்பிச் செலுத்தப்படும்?

இவ்வினாக்களுக்கு நிர்வாகிகள் ஏடுகளைத் திறந்து விடையளிக்கும் நிறுவனத்துக்கு உதவி செய்ய வங்கிகளும் முன்வரும். நாற்றங்காலுக்கு விட்ட நீர் நாற்றைத்தான் வளர்க்கும். வயலில் நட்டுக் களையெடுத்துக் கதிர் காணும் உழைப்பு உழவருடையது. நமது நிறுவனங்களும் அவ்வாறே வேரூன்றித் தழைக்குமாறு செய்வோமாக.