பூனைத் தீனியில் மாற்றம்



அரிசி, பருப்பு, மசாலா வைத்து வியாபாரம் செய்யும் நம்மவர் கடைகளில் பூனை இல்லாத கடை அபூர்வம். எலிக்காக வந்த பூனை சில நாளில் கல்லாப்பெட்டியின் மேல் உரிமையோடு படுத்துக்கொள்கிறது. சரக்குக்கெல்லாம் கணக்குப் பார்க்கும் நாம் அதன் தீனியைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. அது எதை விரும்புகிறதோ அதையே தினமும் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறோம். இது பிழை என்பதை நாம் பட்டுத்தான் படித்தோம்.

பினாங்கில் நம் கடைப் பூனை ஒரே ஒரு வகை டின் மீனைத் தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பாராது. குட்டியாக வந்த நாள் முதல் நாம் அதையே கொடுத்து வந்ததுதான் காரணம். குட்டிப் பருவத்தில் பழகாத ருசியையும் பதத்தையும் வளர்ந்த பூனை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சில வாரங்களில் அந்த டின் நம் வட்டாரத்தில் அகப்படவில்லை. "பசித்தால் தானே தின்னும்" என்று வேறு தீனியைத் தட்டு நிறைய வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். அது தின்னவில்லை. ஐந்தாம் நாள் அதன் ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளித்துவிட்டன.

மிருக வைத்தியர் சொன்ன பிறகே விஷயம் விளங்கிற்று. பூனை, அதிலும் கொழுத்த பூனை, சில நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து தேங்கிவிடும். ஈரல் கெட்டால் இருக்கிற பசியும் அற்றுப்போகும். கவனியாவிட்டால் உயிர் போய்விடும். குழாய் வைத்து வாரக்கணக்கில் உணவு செலுத்திய பின் அது பிழைத்தது. பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாமும் மதரஸாவில் ஓதியவர்கள்தாம். தட்டு நிறைய வைத்தும் பட்டினி போடலாம் என்பது அன்று வரை நமக்குத் தெரியவில்லை. ஒரு முழு நாள் பூனை ஒன்றும் தின்னாவிட்டால் வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும்.

ஒரே கித்தங்கியை நம்பிக் கடை நடத்துகிறவன், அந்தக் கித்தங்கி அடைத்த நாளில் என்ன ஆவான்? பூனைக்கும் இரண்டு மூன்று வகைத் தீனியாவது முன்கூட்டியே பழக்கமாகியிருக்க வேண்டும். கோழி ஒன்று, மீன் ஒன்று, ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ ஒன்று. டின்னிலும் கொஞ்சம், உலர் தீனியிலும் கொஞ்சம்.

ஆனால் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்குக் காணும். பழைய தீனியில் கால் பங்கு புதியதைச் சேர்த்து, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பங்கைக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்றுவதே முறை. நம் பூனை போன்ற பிடிவாதக்காரரிடம் இதுவும் செல்லாது. கலந்த உடனே பழையதையும் சேர்த்து வெறுத்துவிடும். அதற்குப் புதியதை வேறொரு சிறு தட்டில், பழையதன் பக்கத்தில், ஒரு தேக்கரண்டியளவு தினமும் வைத்து வந்தோம். பதினொரு நாள் அது தொடவில்லை. பன்னிரண்டாம் நாள் நக்கிற்று. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வையாமல், உடம்புச் சூட்டளவு வெதுவெதுப்பாக்கி வைத்தால் வாசனை எழும்பும். பூனை வாசனையைக் கொண்டே உணவைத் தீர்மானிக்கிறது. பல வகை பழகிய பின், சில வாரத்துக்கு ஒரு வகையென மாற்றி வரலாம். சிறுநீரக நோய் முதலியவற்றுக்காக வைத்தியர் குறித்துக் கொடுத்த தீனியை மட்டும் நாமாக மாற்றலாகாது.

மாற்றம் என்றதும் நம் சட்டியில் உள்ளதையெல்லாம் போட்டுவிடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே கறிக்குழம்புச் சோறு வேண்டாம். ஈரலை அன்றாடம் போட்டால் 'ஏ' வைட்டமின் மிகுந்து கழுத்தெலும்பு இறுகும். பச்சை மீன் சிலவற்றில் 'பி1' வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. வேக வைத்தால் அது போய்விடும். ஆனால் டாரின் என்றொரு சத்து வெந்த நீரில் கரைந்துவிடும். அச்சத்துக் குறைந்தால் பூனையின் கண் கெடும் என்பது 1975-லும், இருதயம் தளரும் என்பது 1987-லும் நிரூபணமாயின. கெம்புங் மீன் அவித்துச் சோற்றில் பிசைந்து போடும் நம் ஊர் வழக்கம் எப்போதாவது ஒரு வேளைக்கு நல்லது. அந்தத் தண்ணீரையும் சேர்த்தே பிசையுங்கள். தினசரிக்கு, முழுமையான உணவு என்று லேபிளில் அச்சிட்டிருப்பதையே வாங்க வேண்டும். டின்களில் சில துணை உணவு மட்டுமே. நம் பூனை தின்று வந்ததும் அத்தகையதுதான். கடை நடத்திக்கொண்டே லேபிளைப் படியாமல் இருந்திருக்கிறோம்!

இப்போது அது கோழி தின்கிறது, மத்தி தின்கிறது, உலர் தீனியில் இரண்டு வகை தின்கிறது. ஆட்டிறைச்சியை மட்டும் இன்னும் காலால் தள்ளிவிடுகிறது. சிறு தட்டைத் தினமும் வைத்துத்தான் வருகிறோம்.