தனித்து நிற்கும் தாயின் பொழுதுகள்

கடல் நமக்குச் சோறு போடுகிறது. சில வேளை, சோறு போட்டவரையே எடுத்தும் கொள்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை இராமநாதபுரம் கடற்கரை இன்னும் மறக்கவில்லை. புயல் மட்டுமா? நோயும் விபத்தும் தலாக்கும் தனியாக்கிவிட்ட தாய்மார் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வேதாளையிலும் பாம்பனிலும் இருக்கவே செய்கிறார்கள். கணவர் சபுரில் இருக்க, ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர்களையும் இவர்களோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இத்தகைய தாய்க்கு என்ன குறை என்று கேட்டால், பணம்தான் என்று நாம் சட்டெனச் சொல்லிவிடுகிறோம். பணமும் குறைதான். ஆனால் அதைவிடக் குறைவாக அவரிடம் இருப்பது பொழுது. வேலைக்குப் போனால் பிள்ளையின் முகம் பார்க்க நேரமில்லை. பிள்ளையோடு இருந்தால் அடுப்பு எரிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நம் மார்க்கம் காட்டும் வழி என்ன? அதுவே இம்மாதப் பாடம்.

ஹாஜரா அம்மையாரின் ஓட்டம்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை தொங்கோட்டம் ஓடுகிறார்கள். அது யாருடைய ஓட்டம்? ஆளில்லாப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு தனித்து நின்ற ஒரு தாயின் ஓட்டம் அல்லவா? ஹாஜரா (அலை) அவர்கள் குழந்தை இஸ்மாயீலைத் தரையில் கிடத்திவிட்டுத் தண்ணீர் தேடி ஓடினார்கள். பள்ளத்தில் இறங்கியபோது குழந்தை கண்ணுக்கு மறைந்ததால் அந்த இடத்தில் விரைந்து ஓடினார்கள் என்று பெரியோர் விளக்குவர். இன்று ஆண் ஹாஜிகள் பச்சை விளக்குகளுக்கிடையே விரைந்து ஓடுவது அங்கேதான்.

இதில் நமக்கு இரண்டு படிப்பினைகள் உண்டு. தவக்குல் என்றால் உட்கார்ந்திருப்பதல்ல; அந்தத் தாய் ஓடினார். ஆனால் பிள்ளையை மறந்து வெகுதூரம் ஓடவில்லை. பிள்ளையைச் சுற்றியே ஓடினார். முடிவில் ஜம்ஜம் ஊற்றெடுத்ததும் அவர் ஓடிய குன்றில் அல்ல, பிள்ளை கிடந்த இடத்தில்தான்.

வேலைக்குப் போகலாமா?

கணவனை இழந்த பெண் வெளியே போய் உழைப்பதைக் குறை பேசும் நாவுகள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைக் கேட்கட்டும். தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்த அவர்களுடைய தாயின் சகோதரி, தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்கச் செல்ல விரும்பினார். ஒருவர் அதைக் கண்டித்தார். அந்த அம்மையார் நேரே நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட, பெருமானார் அவரைப் போகச் சொன்னார்கள். அந்த வருவாயிலிருந்து அவர் தர்மமும் நன்மையும் செய்யக்கூடும் என்று காரணமும் காட்டினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபியீ மத்ஹபின் நூலான மின்ஹாஜில், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கணவன் இறந்து இத்தாவில் இருப்பவருக்கும் வழி சொல்கிறார்கள். உணவு வாங்குதல், நூல் விற்றல் போன்ற தேவைகளுக்குப் பகலில் அவர் வெளியே போகலாம். இரவில் நூல் நூற்கவும் பேசியிருக்கவும் பக்கத்து வீட்டுக்குக்கூடச் செல்லலாம். ஆனால் திரும்பி வந்து தம் வீட்டில்தான் உறங்க வேண்டும். நான்கு மாதம் பத்து நாள் இத்தாவிலேயே இந்த அனுமதி என்றால், இத்தா முடிந்தவர் ஒழுக்கம் பேணி உழைப்பதில் என்ன தடை?

முதலில் உரிமை, பிறகு உழைப்பு

உழைப்பு ஆகும் என்பதால் முழுச் சுமையையும் அவர் தலையில் வைத்துவிடலாகாது. தலாக்கால் மனைவியோடு உள்ள உறவு முடியலாம். பிள்ளையின் செலவு வாப்பாவை விட்டு நீங்காது. வாப்பா மவுத்தாகி, பிள்ளைக்குச் சொந்தமாக எதுவும் இல்லாதபோது, வசதியுள்ள வாப்பாவின் வாப்பாவை அக்கடமை சேரும். மஹர் பாக்கி இருந்தால் அது கடன். சொத்தைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே கொடுபட வேண்டும். பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு குர்ஆன் வகுத்த பங்கு. மய்யித்து வீட்டில் இதையெல்லாம் பேசக் கூசி எத்தனை பெண்கள் விட்டுவிடுகிறார்கள்! அவர் கேட்கும்வரை காத்திராமல் கேட்டு வாங்கிக் கொடுப்பது ஜமாஅத்தாரின் பொறுப்பு. எத்தீமின் பொருளைத் தின்பவர் தம் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறார் என்பது இறைவனின் எச்சரிக்கை.

கைவேலையும் அதன் அளவும்

நம் பகுதிப் பெண்கள் பனங்குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சாயம் ஏற்றி, பெட்டியும் கொட்டானும் முடைகிறார்கள். தையல், தொதல், இடியாப்பம், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தல் என்று வீட்டிலிருந்தே செய்யும் தொழில்கள் வேறு பலவும் உண்டு. அரை நாள் வேலைக்குப் பள்ளிக்கூடத்துக்கோ கடைக்கோ போவோரும் இருக்கிறார்கள்.

வீட்டு வேலையில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அதற்கு முடிவே கிடையாது. இன்னும் ஒரு பெட்டி, இன்னும் ஒரு ரவிக்கை என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். தாய் வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளை சொல்வது மட்டும் காதில் விழுவதில்லை. வெளியே போய் நான்கு மணி நேரம் உழைத்துத் திரும்புபவர் சில வேளை இவரைவிட அதிகமாகப் பிள்ளையோடு இருக்கிறார்.

ஆகவே நாம் சொல்வது இது. ஐவேளைத் தொழுகை நம் நாளை முன்பே பகுத்துத் தந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது முதல் அஸர் வரை உழைப்புக்கு ஆகட்டும். மஃரிப் முதல் இஷா வரை ஓலையும் ஊசியும் கையில் வேண்டாம். அந்த நேரத்தில் பிள்ளைகளோடு ஒரே விரிப்பில் தொழுது, ஓதக் கேட்டு, அன்று நடந்ததைப் பேசவிட்டு, ஒன்றாகச் சோறு உண்ண வேண்டும். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது தவறாத நேரம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வேலை நேரம் மாறுபவர் ஸுபுஹுக்குப் பின்னர் அந்தப் பொழுதை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மூத்த பெண்ணை இன்னொரு தாயாக்கிப் படிப்பை நிறுத்திவிடக் கூடாது. பாத்திரம் கழுவட்டும், தம்பிக்குப் பாடம் சொல்லட்டும். தாயின் சுமை முழுவதையும் அவள் சுமக்க வேண்டாம்.

ஒரு தாயும் ஓர் உஸ்தாதும்

ஹிஜ்ரி 150இல் பிறந்த இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர்கள். வறுமையிலிருந்த தாயார் மகனை மக்காவுக்கு அழைத்து வந்து வளர்த்தார். உஸ்தாதுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. தாம் எழுந்து போகும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று உஸ்தாது ஏற்றுக்கொண்டார். அந்தத் தாயின் உறுதியை நாம் போற்றுகிறோம். அந்த உஸ்தாதின் பெருந்தன்மையையும் மறக்கலாகாது. தாய் மட்டும் போதுமென்று விட்டிருந்தால் அந்தக் கல்வி நடந்திருக்குமா?

மஹல்லாவின் பங்கு

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் விதவையாய் நின்றபோது, தமக்குப் பிள்ளைகள் இருப்பதைச் சொல்லி மறுமணத்துக்குத் தயங்கினார்கள். பிள்ளைகளின் பொறுப்பைச் சேர்த்தே பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். விதவைக்காகப் பாடுபடுபவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என்பதும் நபிமொழி. நம்மால் என்ன முடியும்?

அஸருக்குப் பின் மதரஸாவில் பிள்ளைகளை மஃரிப் வரை வைத்துக்கொண்டால், ஒரு தாய்க்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். மாமுவோ சாச்சாவோ வாரம் ஒருமுறை வந்து பையனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போகலாம். படித்த பிள்ளைகள் இ-சேவை மையத்தில் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுத் தரலாம். 2023இல் அது மாதம் ரூ.1,200 ஆக உயர்த்தப்பட்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தை அணுகவும் வழிகாட்டலாம். மறுமணம் செய்ய விரும்பினால், அவரைப் பழிக்காமல் துணை நிற்கலாம். இவை எதுவும் இயலாதவர் நாவையாவது அடக்கிக்கொள்ளலாம். அதுவும் ஒரு ஸதக்காதான்.

தனித்து நிற்கும் சகோதரியே! எல்லாம் உங்களால் ஆகவில்லை என்று இரவில் அழ வேண்டாம். ஹாஜரா அம்மையார் ஏழு முறை ஓடியும் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆயினும் அந்த ஓட்டத்தை அல்லாஹ் வணக்கமாக்கினான். உங்கள் ஓட்டத்தையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உங்கள் பிள்ளைகளை ஸாலிஹான மக்களாக்கி, உங்கள் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.