திசையும் கையும்

பாயில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சற்றே நகர்ந்து உட்காரச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை எவ்வாறு சொல்வோம்? சென்னையில் வளர்ந்த நம் நண்பர் ஒருவர், “ரைட்டில் தள்ளிக்கொள்” என்பார். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் பாட்டியோ, “கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு, ராசா” என்பாள். இருவர் சொல்வதும் தமிழர்க்கு விளங்கும். ஆனால் சொல்வதற்கு முன் இருவரும் மனத்துள் செய்யும் வேலை ஒன்றன்று. முதல்வருக்குத் தம் உடம்பு தெரிந்தால் போதும். பாட்டிக்கோ, கூரையின் கீழ், கதவு சாத்திய அறையில், இரவு வேளையிலும் தெற்கு எது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது அவளுக்கு எப்போதும் தெரிந்தே இருக்கிறது என்பதுதான் வியப்பு.

பண்பாடு என்றவுடன் நாம் விழாவையும் உடையையும் இசையையும் நினைக்கிறோம். நம் சங்கத்தின் மேடையிலும் பெரும்பாலும் அவையே பேசப்படுகின்றன. அது குறையன்று. ஆயினும் பண்பாடு நம் நடையிலும், கல்வியிலும், நாம் ஆக்கும் பொருள்களின் அமைப்பிலும் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்பதற்கு இந்தப் ‘தெக்கால’ என்ற ஒரு சொல்லைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. ஆதலின் அதனையே இக்கட்டுரையின் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் சொற்களைப் பார்ப்போம். மேற்கு என்பது மேல் என்பதிலிருந்தும், கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்தும் வந்தவை. தமிழ்நாட்டு நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குக் கடலை நோக்கிச் சரிகிறது. காவிரியும் வையையும் தாமிரபரணியும் கிழக்கே ஓடுகின்றன. மேடு மேற்கு, பள்ளம் கிழக்கு. காலால் உணர்ந்த நிலச்சரிவே திசைக்குப் பெயராயிற்று. மலையாளத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே மலை கிழக்கே இருக்கிறது; கடல் மேற்கே இருக்கிறது. அப்படியிருந்தும் உயர்ந்த பக்கத்தை அவர்கள் ‘கிழக்கு’ என்றே வழங்குகின்றனர். மலைக்கு இப்பால் பிறந்த சொல் அப்பாலும் சென்று வழங்கிற்று என்று இதனைக் கொண்டு கால்டுவெல் வாதிட்டார். நிலம் மாறியபின்னும் பழக்கம் மாறாது நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

காற்றுக்கும் நம்மவர் திசையாலேயே பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நிலத்தைக் கொடையாக அளிக்கும்போது கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கும் எழுதப்படும். இன்றைய கிரயப் பத்திரத்திலும் நான்கெல்லை உண்டு. மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் கீழ மாசி வீதி, மேல மாசி வீதி, தெற்கு மாசி வீதி, வடக்கு மாசி வீதி என்று நிற்கின்றன. அந்த ஊரில் தெருவின் பெயரைக் கேட்டாலே திசை தெரிந்துவிடும். நகரையே ஒரு திசைகாட்டியாக அமைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அப்படியானால் சிற்றூர்த் தமிழருக்கு இடமும் வலமும் தெரியாதா? நன்றாகத் தெரியும். நுகத்தில் வலப்பக்கம் பூட்டும் மாட்டை இடப்பக்கம் பூட்ட எந்த உழவரும் உடன்படமாட்டார். சோற்றுக்கை எது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவை கையின் பெயர்கள், ஏரின் பக்கங்கள். வீட்டையும் வயலையும் குடத்தையும் குறிக்கும்போது அவர்கள் கையைத் துணைக்கு அழைப்பதில்லை; திசையையே அழைக்கின்றனர்.

இவ்வேறுபாட்டை ஆராய்ந்தவர்களில் எரிக் பெடர்சன் என்பவர் நமக்கு முக்கியமானவர். இவர் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் ஆராய்ச்சி நிலையத்தாரோடு சேர்ந்து, 1990-களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்தார். ஒரே தமிழைப் பேசுவோரில் சிற்றூரார் பெரும்பாலும் திசையாலும், நகரத்தார் பெரும்பாலும் இடம் வலத்தாலும் பொருள்களின் இருப்பைச் சொல்வதை அவர் கண்டார். பேச்சில் மட்டுமன்று, வாய் திறவாமல் செய்யும் சோதனைகளிலும் அவ்வேறுபாடு தோன்றியது.

அச்சோதனையின் முறை எளியது; விடுதி அறையிலேயே செய்து பார்க்கலாம். மேற்கு நோக்கி ஒருவரை நிறுத்தி, முன்னாலுள்ள மேசையில் மூன்று விலங்குப் பொம்மைகளை வரிசையாக வைக்க வேண்டும். மூன்றும் அவருடைய வலக்கைப் பக்கம், அதாவது வடக்கே, பார்த்திருக்கட்டும். அவர் வரிசையை நினைவில் கொள்வார். பிறகு அவரைக் கிழக்கு நோக்கித் திருப்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை அமைக்கச் சொல்ல வேண்டும். இப்போது அவருடைய வலக்கை தெற்கே இருக்கிறது. பொம்மைகளை வலக்கைப் பக்கம் பார்க்க வைத்தால் அவர் கையைக் கொண்டு நினைவு வைத்தவர். வடக்கே பார்க்க வைத்தால் திசையைக் கொண்டு நினைவு வைத்தவர். இரண்டில் எதுவும் பிழையன்று. ‘அதே வரிசை’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு என்பதையே நம்மிற் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம்! டச்சு மொழியினர் கையின் வழி நின்றனர். மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் வாழும் செல்தால் மக்கள் திசையின் வழி நின்றனர். அவர்கள் பேச்சிலும் ‘மலைமேற்பக்கம்’, ‘மலைக்கீழ்ப்பக்கம்’ என்றே வழங்குகிறார்கள். நம் மேற்கும் கிழக்கும் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றவர்கள் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் வாழும் கூகு இமிதிர் மக்கள். 1770-ஆம் ஆண்டில் காப்டன் குக்கின் கப்பல் பழுதாகி அக்கரையில் தங்கியபோது, ‘கங்காரு’ என்ற சொல்லை ஆங்கிலேயர் இவர்களிடமிருந்தே பெற்றனர். காலருகில் எறும்பு ஊர்ந்தால், “உன் காலுக்கு வடக்கே எறும்பு” என்பது இவர்கள் வழக்கு. இவர்களுள் முதியவர் ஒருவர், தம் இளமையில் படகு கவிழ்ந்த கதையை 1980-இல் ஒருமுறையும் 1982-இல் ஒருமுறையும் சொன்னார். இரண்டும் படமெடுக்கப்பட்டன. முதன்முறை அவர் மேற்கு நோக்கி அமர்ந்திருந்தார். இரண்டாம் முறை வடக்கு நோக்கி. படகு உருண்டதைக் கையால் காட்டியபோது, அவர் அமர்ந்த நிலைக்கு ஏற்ப அவர் கை மாறியது; படகு புரண்ட திசை மாறவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து, ஊரில் கதை சொல்லும் பெரியவர்களின் கைகளை நான் கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். மொழியே மனத்தை ஆக்குகிறது என்று துள்ளுவோர் பலர். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியும் கிளைட்மனும் 2002-ஆம் ஆண்டில் இதனை எதிர்த்து எழுதினர். ஆங்கிலம் பேசும் மாணவர்களும் கண்ணில் படும் அடையாளப் பொருள்களுக்கு ஏற்பத் தம் விடையை மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே இது மொழியின் சிறையன்று, சூழலின் துணை என்பது அவர்கள் கட்சி. நைமேகனார் அதற்கு விடையும் இறுத்தனர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால், தமிழ்ச் சான்றே இருதரப்பையும் சற்று அடக்கி வைக்கும் என்பேன். மொழி ஒன்று, இலக்கணம் ஒன்று, சிற்றூரில் ஒரு வழக்கம், நகரில் வேறொரு வழக்கம். ஆதலின் மனத்தைப் பழக்குவது மொழி என்னும் முழுப்பொருளன்று. நாள்தோறும் அம்மொழியைக் கொண்டு நாம் செய்யும் வேலையே.

இதற்கு வலிமை தரும் ஆய்வு வேறெங்கோ அன்று, நாம் படிக்கும் இக்காசி நகரிலேயே நடந்தது. நம் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் இரமேஷ் மிஸ்ராவும், ஜெனீவாப் பல்கலைக்கழகத்துப் பியர் தாசனும் காசியிலும் நேபாளத்திலும் பாலித் தீவிலும் குழந்தைகளை ஆராய்ந்து, 2010-இல் நூலாக வெளியிட்டனர். காசியில் இந்தி வழிப் பள்ளிப் பிள்ளைகளையும் சமஸ்கிருத பாடசாலைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். பாடசாலைப் பிள்ளைகளிடம் திசைவழி நினைவு மிகுதியாக இருந்தது. கிழக்கு நோக்கி அமர்வது, இன்ன திசை நோக்கி இன்ன செயல் செய்வது என்று அவர்கள் வாழ்வே திசையால் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. குழந்தை முதலில் தன் உடம்பிலிருந்தே இடத்தை அறியும், பரந்த திசையறிவு பிறகே வரும் என்று ஐரோப்பிய உளவியல் நெடுங்காலம் கற்பித்து வந்தது. அந்த ஒழுங்கு எல்லா நாட்டுக் குழந்தைக்கும் பொதுவன்று என்பது இவ்வாய்வால் வெளிப்பட்டது.

பாலித் தீவில் ‘காஜா’ என்றால் மலைப்பக்கம். ‘கெலோட்’ என்றால் கடல்பக்கம். மலை தீவின் நடுவே இருப்பதால், தென்கரையில் காஜா வடக்காகும். வடகரையில் அதுவே தெற்காகும். 1930-களில் அங்கே வாழ்ந்த கோலின் மக்பீ என்னும் இசையறிஞர் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். நடனத்தில் பேரார்வம் கொண்ட சிறுவன் ஒருவனை அவர் வேற்றூர் ஆசிரியரிடம் விட்டு வந்தார். சில நாள் கழித்துச் சென்றால், சிறுவன் வாடிக் கிடக்கிறான். ஆசிரியர் சலித்துப் போயிருக்கிறார். காரணம் என்ன? ‘கிழக்கே மூன்றடி வை’ என்று ஆசிரியர் சொல்லித் தருகிறார். புதிய ஊரில் சிறுவனுக்குக் கிழக்கு எதுவென்று பிடிபடவில்லை. அவ்வளவுதான். கால் நன்றாக இருந்தது, தாளம் நன்றாக இருந்தது, அறிவும் நன்றாக இருந்தது. ஆசிரியரின் சொல் நிற்பதற்கு அவன் மனத்தில் தரை இல்லை.

இதனைப் படிக்கும்போது நம் பள்ளிகளை நினைக்காதிருக்க முடியவில்லை. உடற்பயிற்சி வகுப்பில் ‘லெப்ட்’, ‘ரைட்’ என்ற கட்டளைக்குத் தடுமாறும் சிற்றூர்ப் பிள்ளையை மந்தபுத்தி என்று சிரித்திருக்கிறார்கள். அதே பிள்ளை, மாடு தெற்கத்திக் காட்டில் எந்த மரத்துக்கு மேற்கே மேய்கிறது என்று நொடியில் சொல்வான். அந்த அறிவுக்கு மதிப்பெண் இல்லை. கையைக் கொண்டு வினவும் சோதனைத் தாள் அவனிடம் இல்லாததையே தேடுகிறது. இருப்பதை அது பார்ப்பதில்லை. இது என் நெஞ்சை உறுத்துவதாலேயே இக்கட்டுரை எழுத முற்பட்டேன்.

ஆனால் கைவழியை இகழவும் கூடாது. அறுவை மருத்துவருக்கு இடச் சிறுநீரகம் இடச் சிறுநீரகமே. நோயாளி வடக்கே தலை வைத்தாலும் தெற்கே தலை வைத்தாலும் அது மாறக்கூடாது. கப்பலோட்டிகள் இன்னும் நுட்பமானவர்கள். நிற்பவன் திரும்பினால் அவன் இடம் வலமாகிவிடும் என்பதால், ஆங்கில மாலுமிகள் கப்பலின் இரு பக்கங்களுக்கும் ‘போர்ட்’, ‘ஸ்டார்போர்டு’ என்று தனிப் பெயரே வைத்துக்கொண்டனர்.

பொருள்களை வடிவமைப்போர்க்கு இங்கேதான் வேலை இருக்கிறது. நிலப்படத்தில் வடக்கு மேலே இருப்பது இயற்கை என்று எண்ணுகிறோம். இங்கிலாந்தின் ஹெரிபோர்டு தேவாலயத்தில் உள்ள, ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டைச் சேர்ந்த உலகப் படத்தில் கிழக்கு மேலே இருக்கிறது, நடுவே எருசலேம். 1154-இல் சிசிலி மன்னருக்காக அல் இத்ரீசி வரைந்தளித்த படத்தில் தெற்கு மேலே. அவரவர் போற்றியதும் பழகியதும் மேலே ஏறின. இன்று நம் கைப்பேசியிலுள்ள வழிகாட்டிப் படம், நாம் செல்லும் பக்கத்தையே எப்போதும் மேலே வைத்துத் தானே சுழல்கிறது. “இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்” என்கிறது. கைவழிப் பழக்கத்தார் தம் பழக்கத்தையே அதில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு ஓராண்டு சுற்றிய பின்னும் ஊரின் அமைப்பு மனத்தில் பதியாதிருப்பதை நம்மிற் பலரும் உணர்ந்திருப்போம். வடக்கை மேலே நிறுத்தி வைக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் அதைத் தேடி எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கு வருவோர்க்கு இரண்டு இடர்கள் காத்திருக்கின்றன. ஆறு என்றால் கிழக்கே ஓடும் என்று பழகிய கண்ணுக்கு முன்னே, காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறாள். மற்றொன்று நம் வளாகம். அரைவட்டமாக வகுக்கப்பட்ட அதன் வளைந்த சாலைகளில், திரும்பாமலே நடந்தாலும் திசை திரும்பிவிடுகிறது. காகிதத்தில் மிக அழகான அமைப்பு. மாசி வீதிகளில் வளர்ந்தவனுக்கோ அது ஒரு சுழல்.

புதிதாக வரும் மாணவர்க்கென நம் சங்கம் அச்சிடும் வழிகாட்டித் தாளுக்கு எனக்கொரு யோசனை உண்டு. ‘வலம், இடம்’ என்று எழுதும் ஒவ்வோரிடத்திலும் திசையையும் சேர்த்து எழுத வேண்டும். படத்தின் கிழக்கு ஓரம் முழுவதும் கங்கையை வரைந்து, அது ஓடும் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி இட வேண்டும். வளைவில் திசை மறந்தவர்க்கு அது ஒன்று போதும். விடுதி வாயிலில் படத்தை மாட்டுவதிலும் கவனம் வேண்டும். நிற்பவர் எதிரே இருப்பது படத்திலும் மேலே இருக்குமாறு அமையாவிட்டால் பார்ப்போர் வழி தவறுவர் என்பதை மார்வின் லெவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். ஆதலின் வடக்கு நோக்கிய சுவருக்கு ஒரு படமும் கிழக்கு நோக்கிய சுவருக்கு வேறொரு படமும் தேவைப்படும். எழுத்து வேலையை நான் ஏற்கிறேன். வரையத் தெரிந்த நண்பர் ஒருவர் முன்வர வேண்டும்.