பழகிய ஃபேஸ்வாஷ் திடீரென ஒத்துக்கொள்ளாவிட்டால்

மார்கழி, தை மாதங்களில் புதூர்நாட்டிலிருந்து வரும் வறண்ட சருமமுடையோர் சிலர் எங்களிடம் இவ்வாறு முறையிடுவதுண்டு: “பல ஆண்டுகளாக ஒத்துக்கொண்ட ஃபேஸ்வாஷ்தான், இம்முறை திருப்பத்தூரில் வாங்கி வந்தது முதல் முகம் எரிகிறது.” பணமும் வீணாகி, தம் தோலே கெட்டுவிட்டதோ என்னும் கவலையும் அவர்களுக்குச் சேர்ந்துவிடுகிறது.

பெயர் மாறாமலே ஒரு பொருளின் உட்கூறுகள் மாறக்கூடும். 1947இல் அமெரிக்காவில் தோன்றிய செட்டாபில் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அண்மை ஆண்டுகளில் அதன் முகக்கழுவியிலிருந்து பாராபென்களும் சோடியம் லாரில் சல்பேட்டும் நீக்கப்பட்டு, கிளிசரின், நியாசினமைடு, பாந்தெனால் ஆகியவை சேர்க்கப்பட்டன. இவை பொதுவாகச் சருமத்திற்கு நன்மை தருபவையே. எனினும் நல்ல மாற்றமும் எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. நியாசினமைடு சிலருக்கு எரிச்சலையும் சிவப்பையும் உண்டாக்கும்.

ஆகவே, புதுக் குப்பி வாங்கும்போது பழைய குப்பியின் உட்கூறுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதியதை முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, வழக்கம்போல் கழுவுங்கள். நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் இவ்வாறு செய்து, அரிப்போ சிவப்போ தோன்றாவிடில் முகத்திற்குப் பயன்படுத்தலாம். எரிச்சல் கண்டால் உடனே நிறுத்துங்கள். விலை கொடுத்து வாங்கியதற்காகத் தொடர வேண்டாம்.

மாற்றாகக் குளியல் சோப்பை நாடுவதும் தகாது. தோலின் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரண சோப்பினுடையது 9 முதல் 10 வரை. அது தோலின் இயற்கையான கொழுப்பை அகற்றி வறட்சியை மிகுவிக்கும். எரிச்சல் அடங்கும்வரை வெதுவெதுப்பான நீரால் மட்டும் முகம் கழுவினாலே போதும். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் மணமற்ற வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுங்கள். வறண்ட தோலுக்குக் கழுவும் பொருளைவிட, கழுவியபின் பூசுவதே இன்றியமையாதது. எலுமிச்சைச் சாறு பூசுவதைத் தவிருங்கள்.

வெடிப்பு, நீர்க்கசிவு, உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு இருப்பின் மருத்துவரிடம் வாருங்கள். உடல் முழுதும் நீங்காத வறட்சி தைராய்டு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறுகளாலும் வரலாம். நிறம் மங்கி, தொட்டால் உணர்ச்சியற்றிருக்கும் படை தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை உண்டு. அத்தகைய படையை வெறும் வறட்சி எனக் கருதிக் காலந்தாழ்த்த வேண்டாம்.

மருத்துவரிடம் வருகையில் பழைய, புதிய குப்பிகள் இரண்டையும் உடன் கொண்டு வாருங்கள். காரணத்தைக் கண்டறிய அவை பெரிதும் துணைசெய்யும்.