ஆறு அறை, ஐந்து தோட்டா

செஞ்சி வட்டாரத்தில் உரிமத்தோடு ஒரு வீட்டில் ஆயுதம் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியாகத்தான் இருக்கும். எங்கோ ஒரு வீட்டில், பீரோவின் உள்ளறையில், துணி சுற்றிய சின்ன ரிவால்வரும் அகப்படும். பாயிண்ட் 22 தோட்டா போடுவது. ஒவ்வொரு முறை சுடுவதற்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டியது. இதைத்தான் சிங்கிள் ஆக்ஷன் என்கிறார்கள். 1980-களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் நம் நாட்டில் கைமாறும் வெளிநாட்டு ரிவால்வர்கள் பெரும்பாலும் பழையவை. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருபவை. அப்படி ஒன்று உங்களுக்கு வந்திருந்தால், அல்லது வரப்போகிறது என்றால், என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: காவல் நிலையம்

உரிமம் ஆளின் பேரில் இருப்பது. உரிமதாரர் கண்ணை மூடியதும் அந்த ரிவால்வரை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. "காரியம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வைத்திருப்பவர்கள்தான் அதிகம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் தொடர் எண், தயாரிப்பு, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய தோட்டா டப்பாவை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது. உரிமம் இல்லாதவர் வீட்டில் தோட்டாவும் குற்றம்தான்.

அடுத்து வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், பழைய உரிமத்தின் அசல், மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரும் கடிதம் ஆகியவற்றை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா, தங்கைகளின் கையெழுத்துத்தான் பல இடங்களில் இழுத்தடிக்கும். நிலப் பாகப்பிரிவினைச் சண்டை துப்பாக்கியில் வந்து நிற்கும். 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். உரிமம் தரும் அதிகாரி விழுப்புரம் மாவட்ட ஆட்சியர். அவர் முடிவெடுக்குமுன் காவல் துறை விசாரணை அறிக்கை வர வேண்டும். விசாரணைக்கு வீட்டுக்கே வருவார்கள். துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டால், சுவரில் பதித்த பூட்டுப்பெட்டியைக் காட்ட முடிந்தால் நல்லது.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்ய வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, சட்டப்படியான வாரிசு ஒருவரை நியமித்து அவர் பேரில் உரிமம் கேட்கலாம். மருத்துவமனை, காரியம், சொத்துப் பேச்சு எல்லாம் ஒன்றாக வந்து விழும் நேரத்தில் ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஏற்கெனவே உங்களிடம் இரண்டு துப்பாக்கிகள் இருந்தால் மூன்றாவதற்கு இடமில்லை. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் உச்சவரம்பை இரண்டாகக் குறைத்துவிட்டது, குடும்பச் சொத்தாக வருவதற்கும் அதே கணக்குத்தான். உரிமத்தின் ஆயுள் இப்போது 5 ஆண்டு.

இந்தக் காகிதக் கட்டுக்கெல்லாம் வேர் 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம். தோட்டாவின் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கச் சொன்னதால் மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த அதே 1857-இல்தான், அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி உலோகக் கூட்டில் அடைத்த பாயிண்ட் 22 தோட்டா போடும் தன் முதல் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உங்கள் கையில் இருப்பது அந்தக் குடும்பத்தின் பிள்ளை.

என்ன வகை என்று அறிதல்

உரிமம் வந்து ரிவால்வரை வாங்கியதும் சுட ஆசைப்பட வேண்டாம். முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பாயிண்ட் 22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இருக்காது. அடிப்பக்க விளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் இருக்கும். சுத்தியல் அடித்து, துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்பது இதுதான். இந்த ஒரு விஷயத்திலிருந்தே இந்த ஆயுதத்தின் நல்லது கெட்டது அத்தனையும் பிறக்கிறது.

அமெரிக்க ரூகர் கம்பெனி 1953-இல் சிங்கிள் சிக்ஸ் என்ற ஆறு அறை ரிவால்வரை வெளியிட்டது. உடலின் பக்கவாட்டில் மூன்று திருகாணிகள் தெரிந்தால் அது பழைய வகை. 1973-இல் வந்த புதிய வகையில் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தகடு உண்டு; விசையை அழுத்தினால்தான் அது மேலே எழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். பழைய வகையில் அந்தத் தகடு கிடையாது. சுத்தியல் இறங்கியிருக்கும்போது ஊசி நேராகத் தோட்டாவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். மேசையிலிருந்து தரையில் விழுந்து, சுத்தியலின் பின்பக்கம் அடிபட்டால் போதும், வெடித்துவிடும். கோல்ட் முதலான மற்ற கம்பெனிகளின் பழைய சிங்கிள் ஆக்ஷன்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

தோட்டா அறைகள் உள்ள சுழலும் சிலிண்டர் சில ரிவால்வர்களுக்கு இரண்டு இருக்கும். ஒன்று சாதாரண பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு, மற்றது மேக்னத்துக்கு. சாதாரணத் தோட்டா மேக்னம் சிலிண்டருக்குள் தளர்வாக நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுட்டால் கூடு பிளந்து சூடான வாயு முகத்துக்கு வரும். குழலிலும் சிலிண்டரிலும் பொறித்திருப்பதைப் படித்து, உரிமத்தில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவால்வர் என்றால் இன்றைய வேகத் தோட்டா அதற்கு ஆகவே ஆகாது. கரிமருந்துக் காலத்து உலோகம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கண்ணாடி அலமாரிதான் அதற்கு இடம்.

பிறகு உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். சென்னை அண்ணா சாலைப் பக்கத்துத் துப்பாக்கிக் கடைகளில் கேட்டால் ஆள் சொல்வார்கள். சுத்தியலை மெல்ல இழுக்கும்போது, அது முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா, பூட்டிய பிறகு ஆடுகிறதா, அறைகளின் வாய் விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். அந்தப் பள்ளம் தோட்டா இல்லாமல் 'டிக் டிக்' என்று விசையை இழுத்து விளையாடியதால் வருவது. தாத்தா வீட்டுப் பிள்ளைகள் செய்த வேலை. செஞ்சியிலோ திண்டிவனத்திலோ லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உரிமம் இல்லாமல் ஆயுதம் பழுதுபார்ப்பதே குற்றம்.

தோட்டா போடும் கணக்கு

பழைய சிங்கிள் ஆக்ஷனில் சுத்தியலுக்கு நேரே எப்போதும் வெற்று அறைதான் இருக்க வேண்டும். ஆறு அறை உள்ளதில் ஐந்து தோட்டாதான் போடுவது. எப்படி என்று சொல்கிறேன்.

குழல்முனை இலக்குப் பக்கம் இருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே. சுத்தியலைப் பாதி இழுங்கள். ஓரிடத்தில் நிற்கும், சிலிண்டர் தாராளமாகச் சுழலும். வலப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறங்கள். ஒரு தோட்டா போடுங்கள். ஓர் அறையை விடுங்கள். அடுத்த நான்கு அறைகளிலும் வரிசையாகப் போடுங்கள். கதவை மூடி, சுத்தியலை முழுதாகப் பின்னுக்கு இழுங்கள். இப்போது கட்டைவிரலால் சுத்தியலை இறுகப் பிடித்தபடி விசையை அழுத்தி, மெல்ல, வழுக்கவிடாமல் இறக்குங்கள். நீங்கள் விட்ட அந்த வெற்று அறை சுத்தியலுக்கு நேரே வந்து நிற்கும்.

இதை முதலில் சுட்டுமுடித்த வெற்றுக் கூடுகளை வைத்துப் பழகுங்கள். கை தானாகச் செய்யும்வரை அசல் தோட்டா வேண்டாம். பாதி இழுத்த நிலையிலிருந்து அப்படியே இறக்கக் கூடாது. முழுதாக இழுத்த பிறகே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டும் நாக்கு சிலிண்டர் மேல் உரசி, சுற்றிலும் வளையம்போல் கோடு விழும். கோடு விழுந்த சிலிண்டரைப் பார்த்தாலே முந்தைய சொந்தக்காரர் எப்படிப் புழங்கினார் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். பாதி இழுத்த நிலை பாதுகாப்பும் அல்ல. விழுந்தால் சுத்தியலை அங்கே நிறுத்தும் வெட்டு உடையலாம். அறைகளின் எண்ணிக்கை வேறாக உள்ள ரிவால்வரில் விட்டுப்போடும் கணக்கு மாறும். வெற்று அறை மட்டும் மாறாது.

அவசரக்காரருக்கு இந்த ஆயுதம் பொருந்தாது என்பது என் எண்ணம். சுட்ட கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கதவு வழியே கோலால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். ஐந்து வெடிக்கு முன்னும் பின்னும் இவ்வளவு வேலை இருப்பதால், அந்த ஐந்தையும் வீணாக்க மனம் வராது. குறி அதனாலேயே கூடும்.

எங்கே சுடுவது

செஞ்சிக் கோட்டைப் பக்கம் கூடவே கூடாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் மராத்தா ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். கோட்டையைத் தாண்டிய மொட்டைப் பாறைக் காடுகளும் வேண்டாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நம் ஊரின் நிலவாகே இதற்கு எதிரி. வீடளவுக்கு உருண்டு கிடக்கும் கருங்கல் பாறையில் ஈயக்குண்டு பட்டால் எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொடிக் குண்டு என்று நினைக்க வேண்டாம். தடை இல்லாமல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். பாறைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர் இருப்பார். நெற்பயிரை மேயும் மயிலைக் கண்டு கை துறுதுறுத்தாலும் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டால் ஆயுதச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சுடுதளம் உள்ள சங்கத்தில் உறுப்பினராவதுதான் வழி. நமக்குச் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. தெற்கே திருச்சியிலும் ஒன்று உண்டு. உங்கள் ரிவால்வரைத் தளத்தில் அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். போட்டிக்குரிய துப்பாக்கிகளுக்கே முதலிடம் தருவார்கள். உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்றும் பாருங்கள். மாவட்டத்துக்கு மட்டும் என்றால் சென்னைக்குக் கொண்டுபோக முடியாது. பயணத்தில் துப்பாக்கி காலியாக, பெட்டிக்குள். தோட்டா தனிப் பையில். உரிமத்தின் அசல் கையில்.

தளத்தில் காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியே ஈயத் துணுக்கும் தீயும் பக்கவாட்டில் தெறிக்கும். அதனால் இடக்கை விரல் அங்கே போகக் கூடாது, பக்கத்தில் ஆளும் நிற்கக் கூடாது. முதல் நாள் 10 மீட்டர் போதும். வெடிக்காமல் போனால் குழல்முனையைத் திருப்பாமல் அரை நிமிடமாவது காத்திருங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். வழக்கத்தைவிடச் சத்தம் மெலிந்து, இலக்கில் துளையும் விழவில்லை என்றால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுடாதீர்கள், குழலைப் பார்த்த பிறகுதான் மறுபடி. தாத்தாவின் பழைய தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

எண்ணெய், சந்தனம், ஐப்பசி மழை

வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. ஈயம் விரலில் ஒட்டியிருக்கும். அச்சுக்கோலை உருவினால் சிலிண்டர் கழன்று வரும். அறைகளைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். குட்டைத் தோட்டா சுட்டிருந்தால் அறைக்குள் கரி வளையம் படிந்திருக்கும். அதை விட்டுவைத்தால் பிறகு நீளத் தோட்டா இறங்காது. குழலை முன்பக்கமாகத்தான் சுத்தம் செய்ய முடியும் என்பதால், கோல் குழல்வாயில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய் தேய்ந்தால் குறி தவறும்.

தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். நாளாக ஆகப் பிசினாகி விசையை ஒட்டவைக்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் துளிதான். ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல் ரிவால்வருக்கும் சந்தனம், குங்குமம் வைக்காமல் இருக்க வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். வைக்கட்டும். ஆனால் அன்று இரவே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். ஈரச் சந்தனம் நீலப்பூச்சில் ஒரு ராத்திரி உட்கார்ந்தாலே வட்டமாகத் துரு பூக்கும், பிறகு அது போகாது. பூஜைக்கு வைப்பது காலியான துப்பாக்கி என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து வருவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. தோல் உறைக்குள் வைத்து மறந்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கும்படி காவல் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எதுவானாலும் சரி. கொண்டுபோகும் முன் குழலுக்குள்ளும் வெளியிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பெயரும் உரிம எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டுங்கள். இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது தொடர் எண்ணை அங்கேயே, அந்த மேசையிலேயே ஒத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சிலிண்டரைக் கழற்றி, குழலின் ஒருமுனையில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து மறுமுனை வழியே பாருங்கள். சிலந்தி வலையோ துருப்புள்ளியோ இருந்தால் சுத்தம் செய்த பிறகே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சென்னை பஸ் பிடிக்கலாம்.