பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்பு: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாசனத்துக்கு வெட்டிய 10 சென்ட் குட்டையே தொடங்கப் போதும். இங்குள்ள அளவுகள் எல்லாம் அதற்கானவை. எட்டு மாதமாவது நாலைந்து அடித் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காத குட்டையில் பணத்தைப் போடாதீர்கள்.

1. காயப்போடுங்கள்

கோடையில் தரை வெடிக்கும்வரை காயவிட்டால் விராலும் கெளுத்தியும் ஒழியும். இவை குஞ்சுகளைத் தின்றுவிடும். வற்றாத குட்டையென்றால் இலுப்பைப் புண்ணாக்கு; ஒரு கன மீட்டர் நீருக்கு 250 கிராம். அதன் நஞ்சு அடங்க மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

2. தண்ணீரைப் பச்சையாக்குங்கள்

அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி இதுதான். 10 கிலோ சுண்ணாம்பு தூவி, ஒரு வாரம் கழித்து 100 கிலோ சாணத்தைக் கரைத்து விடுங்கள். மிதவை உயிரிகள் பெருகி நீர் இளம்பச்சையாகும். குஞ்சுக்கு அதுதான் முதல் தீனி. முழங்கைவரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் இன்னும் சாணம் வேண்டும். முழங்கை நனையும் முன்பே மறைந்தால் உரத்தை நிறுத்துங்கள்.

3. குஞ்சு விடுதல்

கெண்டை வகைகளில் கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் மேயும். 4:3:3 விகிதத்தில் 300 முதல் 400 விரலளவுக் குஞ்சுகள் போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆயிரம் வாங்காதீர்கள். காலையில் குஞ்சு வந்த பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, குட்டை நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து திறந்தால் குஞ்சு தானே நீந்திப்போகும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இந்தியாவில் தடை செய்யப்பட்ட மீன் அது.

4. தீனி

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. மொத்த மீன் எடையில் தொடக்கத்தில் 5 சதவீதம், பிறகு 2 சதவீதம். துளையிட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் வீணாகாது. மாதம் ஒருமுறை வீச்சு வலையில் பத்து மீன் பிடித்து நிறுத்து, அளவை மாற்றுங்கள்.

5. விடியலில் கரைக்குப் போங்கள்

இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துவிடுவதால், சூரியன் வருவதற்கு முன்புதான் அது மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே மோட்டாரைப் போட்டு, தண்ணீர் சிதறி விழும்படி புதுநீர் பாய்ச்சுங்கள். மூடாக்கான நாளில் தீனியும் சாணமும் வேண்டாம்.

6. அறுவடை

எட்டு முதல் பத்து மாதத்தில் கட்லா ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். பெரியதை முதலில் பிடித்தால் மிச்சத்துக்கு இடம் கிடைக்கும். கரையிலேயே விற்பது லாபம். ஆனால் புரட்டாசியில் வலை போடாதீர்கள். பாதி ஊர் கவிச்சி தொடாது, விலை விழும். ஆவணிக்குள் பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் தீபாவளிவரை விட்டுவையுங்கள்.