நட்டதெல்லாம் பட்டுப் போவது ஏன்?



"நான் நட்டா எதுவுமே புடிக்கிறதில்லைங்க ஐயா. ராசியில்லாத கை." பிள்ளை மடுவத்து வாசலில் ஓர் அம்மா நம்மிடம் இப்படிச் சொன்னார். மூன்று தரம் தக்காளி போட்டாராம், மூன்று தரமும் பட்டுப் போனதாம். அதோடு லயத்துக்குப் பின்னாலிருந்த துண்டு நிலத்தைப் புல்லுக்கு விட்டுவிட்டார். 2022இல் மரக்கறி விலை ஏறி, பிள்ளைகளுக்கு ரொட்டியும் சம்பலும்தான் என்று கிடந்த நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படியிருக்க ஒரு துண்டு நிலம் சும்மா கிடப்பது சின்ன விஷயமா?

இந்தக் கைராசி விஷயத்தில் நமக்குத் தெளிவு வந்தது மலையில் அல்ல, கடற்கரையில்தான். முன்பு நம்மோடு வேலை செய்த நண்பர் ஒருவரின் ஊர் கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருது. பதுளையிலிருந்து பிபிலை, அம்பாறை என்று இறங்கி அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டோடு வீடு மதில் ஒட்டிய நெருக்கம். முற்றத்தில் கால் வைத்தால் புதைகிற மணல். அந்த மணலில் கத்தரி, கொச்சிக்காய், பயிற்றங்காய், மூலையில் ஒரு பப்பாசி! எப்படி என்று நண்பரின் உம்மாவிடம் கேட்டோம்.

"இந்த மண்ணில ஒண்டுமில்ல தம்பி. தண்ணியும் நிக்காது, பசளையும் நிக்காது. எல்லாத்தையும் நாமதான் உள்ளுக்கு வெக்கணும்" என்றார்.

ஒன்றரை அடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்குகிறார். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் மக்கிய மாட்டெருவும் சருகும் மணலோடு கலந்து நிரப்பி, இரண்டு மூன்று கிழமை பேசாமல் விட்டுவிடுகிறார். நாற்று அதற்குப் பிறகுதான். தண்ணீரும் வாளி வாளியாக ஊற்றுவதில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். நாமோ குழி தோண்டிய அன்றைக்கே நாற்றை நட்டுவிட்டு, மறுநாள் வளர்ந்திருக்கா என்று எட்டிப் பார்க்கிற ஆட்கள்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது அந்தக் கரையோரத்துக் கிணறுகளிலும் மண்ணிலும் உப்பு ஏறியது. உப்புத் தண்ணீர் பட்ட பயிருக்கு முதலில் இலை ஓரம் கருகும், பிறகு செடியே காய்ந்துவிடும். அந்த உப்பைக் கழுவிப் போட்டது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான் என்றார் உம்மா.

இலை ஓரம் கருகும் என்றதும் நமக்குச் சுருக்கென்றது. பிள்ளை மடுவத் தோட்டத்தில் நாம் நட்ட தக்காளியும் இப்படித்தான் கருகியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை எடுத்தார்கள் அல்லவா? அதன் பிறகு கையில் கொஞ்சம் யூரியா கிடைத்ததும், செடிக்கு ஒரு பிடி என்று தண்டோடு சேர்த்துப் போட்டுவிட்டோம். யூரியா கறியுப்பு அல்ல. ஆனாலும் அளவு மீறினால் வேருக்கு அதே வேலையைத்தான் செய்யும். கருவாட்டுக்கு உப்பிட்டால் மீனின் தண்ணீர் வெளியே வருகிறதே, அதுபோல வேரிலுள்ள தண்ணீர் மண்ணுக்குப் போய்விடும். மக்காத சாணியும் சூட்டினால் வேரைச் சுடும்.

ஆனால் உம்மா செய்வதை அப்படியே மலையில் செய்யக் கூடாது. நமது மண் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மண். மழைக்காலத்தில் மட்டைக் குழி கிணறாகிவிடும். அங்கே பள்ளத்தில் நடுகிறார்கள் என்றால், இங்கே பாத்தியை அரை அடிக்கு மேல் உயர்த்தி, சரிவுக்குக் குறுக்காகப் போட்டு, ஓரத்தில் காண் வெட்ட வேண்டும். இன்னொன்று, தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் மரக்கறிக்குப் பிடிக்காது. கவ்வாத்துக்குப் பிறகு மலைக்கு டொலமைட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே பாத்தியில் மெல்லியதாகத் தூவிக் கிளறி, இரண்டு மூன்று கிழமை கழித்து நடுங்கள். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் யூரியாவின் சத்து காற்றோடு போய்விடும்.

ஊரிலிருந்து வந்ததும் அந்த அம்மாவிடம் விபரமாக விசாரித்தோம். முதல் தரம் அடைமழையில் சமதரையில் நட்டிருக்கிறார். நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. இரண்டாம் தரம் யூரியா. மூன்றாம் தரம் செடி பச்சையாகவே இருந்து திடீரென்று வாடியதாம். மிச்சமிருந்த தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்தோம். வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் போல இறங்கியது. அது பக்டீரியா வாடல் நோய். மண்ணில் தங்கும், மருந்துக்குக் கேட்காது. தக்காளிக்குப் பிறகு அதே பாத்தியில் கத்தரி, கொச்சிக்காய், உருளைக்கிழங்கு போட்டாலும் பிடிக்கும், எல்லாம் ஒரே குடும்பம். போஞ்சி, கோவா, ராபு என்று மாற்ற வேண்டும்.

களைநாசினி அடித்த டாங்கியைக் கழுவிவிட்டு வீட்டு மரக்கறிக்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் சில லயங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். செடி மட்டுமல்ல, சாப்பிடுகிற பிள்ளையும் இருக்கிறது.

அந்த அம்மா இப்போது போஞ்சி போட்டிருக்கிறார், கொடி கம்பில் ஏறிவிட்டது. உங்கள் செடி ஏதாவது பட்டுப் போனால் வீசிவிடாதீர்கள். வேரோடு பிடுங்கி, மண்ணோடு ஒரு பையில் போட்டு, பிள்ளையை மடுவத்துக்குக் கொண்டுவரும்போது எடுத்து வாருங்கள். பார்ப்போம்.